மூணாவது கூப்பாடு

போன வாரம் பாலக்காட்டுப் பக்கம் சித்தூரிலிருந்து வேலந்தாவளம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு கல்லூரிப் பெண்கள். ஒரு போன், ஒரு ஹெட்செட், ஆளுக்கொரு காது. மத்தியானம் இரண்டு மணி. வெளியே தென்னந்தோப்புக்கு மேல் வெயில் வெள்ளையாகக் கொதித்துக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் இருந்தவள் திடீரென்று தோளைக் குறுக்கிக்கொண்டு அடுத்தவள் கையைப் பிடித்தாள். மற்றவர்கள் போனை எட்டிப் பார்ப்பது நல்ல பழக்கமில்லை. எட்டிப் பார்த்தேன். திரை முழுக்க வெள்ளை மூட்டம். அதற்குள் ஒரு பெண்ணின் முதுகு. இடது தோள் கொஞ்சம் இறங்கி, அவள் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறாள். முகம் பார்க்க வேண்டியதே இல்லை. அந்த முதுகை எனக்குத் தெரியும்.

கொழிஞ்சாம்பாறை தாண்டும்போது படம் முடிந்துவிட்டது.

"செம பயம்டி. கை பாரு, சில்லுன்னு ஆயிருச்சு."

"பயமெல்லாம் சரி. அந்தப் பொம்பள எதுக்கு நடந்துட்டே இருக்கறா? கதைன்னு ஒண்ணுமே இல்லியே."

தோளைத் தட்டி, 'அந்தப் படத்துல நீங்க கேட்ட சத்தம் பூராவும் நான் பிடிச்சதுங்க' என்று சொல்லலாமா என்று யோசித்தேன். நரைத்த தலையோடு பஸ்ஸில் இப்படிப் பேச்சைத் தொடங்கும் ஆண்களைப் பற்றி அந்தப் பெண்கள் என்ன நினைப்பார்கள் என்பதும் தெரியும். பேசாமல் இறங்கி வடகரப்பதிக்கு நடையைக் கட்டினேன். என் பெயர் அந்தப் படத்தின் கடைசியில் ஒரு நொடி வரும். அதிலும் ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கும். அதைப் பார்ப்பதற்குள் எல்லோரும் போனை அணைத்துவிடுவார்கள்.

இப்போது நான் கல்யாணத்துக்கும் கோயில் விசேஷத்துக்கும் மைக்செட் போடுகிறவன். எங்கள் பக்கத்துக் கோயில்களில் சாம்பிராணித் தட்டைத் தூக்கிக்கொண்டு பூசாரி வரும்போது மற்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். எனக்கு அந்த வாசனை வந்ததும் கை தானாக மைக் கட்டிய கழியைத் தேடும். உடும்பஞ்சோலையில் ஏலத்தோட்டத்துக்கு நடுவே ஒரு பழைய பங்களாவில் இருபத்தாறு நாள் நாங்கள் படம் பிடித்தபோது தினமும் அந்தப் புகையைத்தான் தின்றோம். மலையில் மூட்டத்துக்குப் பஞ்சமா என்று கேட்பீர்கள். பஞ்சமில்லை. ஆனால் கேமராவைத் தயார் செய்துவிட்டுக் காத்திருந்தால் வராது. சாப்பிட உட்கார்ந்தால் இலைக்கு மேலேயே வந்து நிற்கும். அதனால் தகர டப்பாவில் தேங்காய் நார், கரி, அதன்மேல் சாம்பிராணி. படத்தில் நீங்கள் பயந்த மூட்டத்தில் பாதி எங்கள் ஊர்ப் பூசைச் சாமான்தான்.

பிரகாசன்தான் இயக்குநர். சித்தூர் கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் மூத்தவன். கணக்கு வாத்தியாராகப் பள்ளிக்கூடத்தில் நிரந்தர வேலை கிடைத்து, அதை எழுதிக் கொடுத்துவிட்டுப் படம் எடுக்க வந்தவன். நான் அப்போது பாலக்காட்டில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கூடத்தில் பக்திப் பாட்டுகளில் விழுந்த இருமலை வெட்டி எடுக்கும் வேலையில் இருந்தேன். ஒரு நாள் வந்து நின்றான்.

"பேய்ப்படம்டா. மியூசிக்கே கெடையாது. சத்தம் மட்டுந்தான். நீதான் பண்ற."

"கதை என்ன?"

"ஒரு ஊடு. மூட்டம். ஒரு பொம்பள நடந்து போறா."

"அப்புறம்?"

"அது அங்க போனாத் தானா வரும்டா."

அவன் கணக்கில் கெட்டி. விடை தெரியாமல் எதையும் தொடங்குகிறவன் இல்லை என்று நம்பி நானும் வேலையை விட்டேன். வீட்டில் அம்மாவிடம் சொன்னபோது, "பேயி எடுக்கற தொழிலாடா இது?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தப் பங்களாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எவரோ ஒரு தோட்ட முதலாளி கட்டி, அவருக்குப் பின் யாரும் குடியிருக்காமல் கிடந்தது. தகரக் கூரை. சுவரில் பாசி, உள்பக்கமும். மழை பெய்தால் கூரைச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவன் பேசுவது கேட்காது. மழை விட்டதும் ஏல இலைகளிலிருந்து சொட்டும் தண்ணீர், ஒன்றன்பின் ஒன்றாக, யாரோ வெறுங்காலோடு நடப்பது போலக் கேட்கும். விடியற்காலையில் ஓடைப் பக்கம் ஒரு குருவி சீட்டியடிக்கும். வேலைவெட்டி இல்லாத மனிதன் பாட்டை மறந்து பாதியில் விட்டமாதிரி இருக்கும் அந்தச் சீட்டி. முதல் நாள் நான் கதவைத் திறந்து "யாரது?" என்றே கேட்டுவிட்டேன். யூனிட் முழுக்க இரண்டு நாள் என்னைப் பார்த்துச் சீட்டியடித்தது.

அதனால் சூழல் என்பது அங்கே இலவசமாகக் கிடைத்தது. கிடைக்காதது கதைதான். கணவனும் மனைவியும் அந்த வீட்டுக்கு வருகிறார்கள், மனைவிக்கு ஏதோ சத்தம் கேட்கிறது, மூட்டத்தில் ஒரு பெண் தெரிகிறாள், கணவன் காணாமல் போகிறான். அவ்வளவுதான் பிரகாசனிடம் இருந்தது. அந்தப் பெண் யார், ஏன் நடக்கிறாள் என்று நடிகை கேட்டாள், கேமராமேன் கேட்டார். பிரகாசன் சிகரெட்டை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் போய்விடுவான்.

எட்டாவது நாள், மூட்டத்தில் நடப்பதற்கென்று அழைத்து வந்திருந்த பெண்ணின் காலில் ஒரே சமயத்தில் ஏழெட்டு அட்டைகள். அவள் போட்ட சத்தத்தை நான் பதிவு செய்து வைத்திருந்தேன், அதுவும் படத்தில் இருக்கிறது. அன்றே ஜீப்பில் ஏறி போடிக்கு இறங்கியவள் திரும்பவில்லை. பிரகாசன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, கீழேயிருந்து ஒரு விறகுக்கட்டோடு முத்துப்பேச்சி ஏறி வந்தார். எங்களுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் அவர். ஐம்பது வயதிருக்கும். அவருடைய அப்பா காலத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு வந்த குடும்பம். பங்களாவுக்குக் கீழே, தோட்ட முதலாளிகள் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில், லயம் என்பார்கள், அங்கே இருந்தார். சரிவில் நடந்து நடந்து இடது தோள் இறங்கி, பாதத்தின் வெளிப்பக்கத்தை முதலில் வைத்து நடப்பார். சத்தமே இருக்காது. மூட்டத்தில் அவர் வருவதைப் பார்த்தபோது எனக்கு முதுகுத்தண்டு விறைத்தது. அவர் கொண்டுவந்தது எங்களுக்குச் சோறாக்கும் விறகு என்று தெரிந்தும் விறைத்தது.

"அதாண்டா," என்றான் பிரகாசன்.

முத்துப்பேச்சிக்கு, ஓடிப்போனவளுக்கென்று வைத்திருந்த சேலையைக் கட்டிவிட்டார்கள். அவர் கேட்ட முதல் கேள்வி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"எங்க போறேன்னு சொல்லுங்க. அதுக்குத் தக்கன நடக்கேன்."

"எங்கயும் போகலீங்க. சும்மா நடக்கணும்," என்றான் பிரகாசன்.

"சும்மா யாரு நடப்பா?"

அவரே ஒரு முடிவு செய்துகொண்டார். பிறகு என்னிடம் சொன்னார், "தொட்டியில தண்ணி வருதான்னு பாக்கப் போறதா வச்சுக்கிட்டேன் தம்பி." அந்த பஸ் பெண்கள் கை சில்லிட்டுப் பார்த்தது, தண்ணித்தொட்டியைப் பார்க்கப் போகும் ஒரு அம்மாவைத்தான்.

சத்தம் பிடிக்கிறவனுக்கு ஒரு வேலை உண்டு. ஒவ்வொரு இடத்திலும், யாரும் பேசாமல், அந்த இடத்தின் வெறும் அமைதியை இரண்டு மூன்று நிமிடம் பதிவு செய்து வைக்க வேண்டும். அமைதி என்று ஒன்று தனியாகக் கிடையாது. ஒவ்வோர் இடத்து அமைதியும் வேறு. பதினேழாவது நாளோ பதினெட்டாவது நாளோ, மத்தியானம் மூன்று மணிக்கே மூட்டம் இறங்கி எதிரே இருந்த மரம் மறைந்துவிட்டது. படப்பிடிப்பு நின்று எல்லோரும் உள்ளே சீட்டு விளையாடப் போய்விட்டார்கள். நான் சமையல்கட்டுக்கு வெளியே மைக்கை வைத்து அமைதியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் முத்துப்பேச்சி முறத்தில் அரிசி புடைக்க உட்கார்ந்தவர், நான் கை காட்டியதும் புடைக்காமல் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அவ்வளவு அடக்கமாக இருக்கத் தெரிந்த ஆளை நான் எந்த ஸ்டுடியோவிலும் பார்த்ததில்லை.

அப்போது கீழே மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல்.

"பேச்சீ..."

ஒரே தடவைதான். முத்துப்பேச்சி எழுந்த வேகத்தில் முறம் கவிழ்ந்து அரிசி முழுக்கச் சேற்றில். "இந்தா வாரேன்! இந்தா வாரேன்!" என்று கத்திக்கொண்டே சரிவில் ஓடினார். நான் என்னவோ ஏதோ என்று எழுந்தேன். கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். லயத்தில் பக்கத்து வீட்டுக்காரி தீப்பெட்டி கேட்டிருக்கிறாள்.

"அதுக்கா இப்புடி ஓடுனீங்க? அரிசியெல்லாம் போச்சுங்களே," என்றேன்.

அவர் குனிந்து அரிசியை வழித்துக்கொண்டே சொல்லத் தொடங்கினார். ரிக்கார்டரை நிறுத்த மறந்துவிட்டேன் என்று சொல்லத்தான் ஆசை. முதல் ஐந்து நிமிடம் மறந்தது உண்மை. அதற்குப் பிறகு மறக்கவில்லை.

முப்பது வருடத்துக்கு முந்தைய கதை அது. முத்துப்பேச்சிக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். காய் எடுக்கும் பருவத்தில் ஆள் போதாமல், ஊரில் சித்தி வீட்டில் வளர்ந்த தங்கச்சி மாரிக்கனியை வேலைக்கு வரவழைத்திருக்கிறார். பதினேழு வயது. மலையைப் பார்த்தறியாதவள். வந்த அன்றே முத்துப்பேச்சி அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது, அந்தப் பக்கத்தில் எல்லோரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதுதான். மூட்டத்துக்குள்ளிருந்து யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் கொடுக்கக் கூடாது. பேய் இரண்டு தடவைதான் கூப்பிடும். மூணாவது தடவை கூப்பிட்டால் மனுசர்.

"நாந்தான் சொன்னேன். சிரிச்சா. சரிக்கான்னா."

ஒரு நாள் வேலை முடிந்து வந்ததும் மாரிக்கனிக்குத் தூக்குச்சட்டியை மேட்டில் விட்டுவிட்டு வந்த நினைப்பு. எடுத்து வருகிறேன் என்று போனாள். மூட்டம் இறங்கிவிட்டது. மழையும் பிடித்தது. முத்துப்பேச்சி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை.

"அக்கான்னு கேட்டுச்சு. பெருசாக் கத்தல தம்பி. அடுப்படியில இருந்து உப்பு கேக்க மாதிரி, இப்படி..."

அப்படியே கூப்பிட்டுக் காட்டினார். தாழ்ந்த குரலில். அதில் வலியோ பயமோ எதுவும் இல்லை. என் ஹெட்போனில் அது எனக்குப் பின்னால் யாரோ நின்று கூப்பிட்டது போல இருந்தது.

"அடிபட்டவன்னா கத்துவால்ல? வீல்னு கத்தியிருந்தா ஓடியிருப்பேன். இது அமைதியாக் கேட்டதும் எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுட்டு. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் ஒருக்க, அக்கான்னு. கதவைச் சாத்திட்டு நெலைப்படியில உக்காந்துட்டேன். மூணாவது வரட்டும், மூணாவது வரட்டும்னு. வரவே இல்ல."

கணவர் வருவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது. ஆட்களைக் கூட்டிக்கொண்டு தேடப் போனார்கள். தூக்குச்சட்டியை விட்ட மேட்டுப் பக்கமே தேடினார்கள். விடிந்த பிறகு பார்த்தால், லயத்துக்கு நேர் கீழே, பாதையோரமாக மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் கிடந்தாள். வீட்டுக்கு நாற்பது ஐம்பது எட்டு இருக்கும். தூக்குச்சட்டி கையிலேயே இருந்தது. திரும்பி வந்து, வீட்டை நெருங்கித்தான் விழுந்திருக்கிறாள். கால்தான் ஒடிந்திருந்தது, உயிர் போனது குளிரிலும் ஓடிய தண்ணீரிலும் என்று டாக்டர் சொன்னாராம்.

"மூணாவது கூப்பிடத் தெம்பு இல்ல போலுக்கு," என்றார் முத்துப்பேச்சி. வழித்த அரிசியை மறுபடி முறத்தில் போட்டு, கல் பொறுக்க ஆரம்பித்தார். "அதுல இருந்து யாரு கூப்பிட்டாலும் மொதக் கூப்பாட்டுக்கே போயிருவேன். பேயாவே இருக்கட்டுமே, என்ன இப்போ."

அவர் அழவில்லை. நானும் அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்தேன். எனக்குக் கல் எது அரிசி எது என்று தெரியாது. "விடுங்க தம்பி, நீங்க நல்லதையெல்லாம் எறியுதீங்க," என்றார்.

தினமும் சாயங்காலம் அன்றைய பதிவுகளைப் பிரகாசன் கேட்பான். அன்றைக்கும் கேட்டான். நான் அதை எடுத்துத் தனியே வைத்திருக்கலாம். வைக்கவில்லை. அவனுக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்று எனக்குள்ளே ஆசை இருந்ததோ என்னவோ. காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றாமல் பெரிய சாப்பாட்டு மேசை முன் அப்படியே உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து வந்து என்னைக் கட்டிப் பிடித்தான். பத்து நாளாகச் சிரிக்காத முகம்.

"கிடைச்சிருச்சுடா. நடக்கறது அவதான். அந்தத் தங்கச்சி. மூணாவது தடவ கூப்பிடத்தான் நடந்து வர்றா. யாரு கதவத் தொறக்கறாங்களோ..."

உண்மையைச் சொல்ல வேண்டும். கேட்டபோது எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. அது நல்ல கதை. அதுவரை எடுத்த எல்லாவற்றோடும் அச்சாகப் பொருந்தியது. இரண்டு நாள் சேர்த்து எடுத்தால் போதும், படம் படமாகிவிடும்.

காலையில் இரண்டு பேருமாக சமையல்கட்டுக்குப் போனோம். முத்துப்பேச்சி மரவள்ளிக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தார். பிரகாசன் நல்லவன், கேட்காமல் எடுக்கிற ஆள் இல்லை. மரியாதையாகத்தான் சொன்னான். பேரை மாற்றிவிடலாம், ஊரை மாற்றிவிடலாம், உங்கள் தங்கச்சியை நாடே பார்க்கும் என்றான். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு முதலில் என்னைப் பார்த்தார்.

"அத நீங்க பிடிச்சு வச்சிருக்கீகளா தம்பி?"

நான் தலையை ஆட்டினேன். அதற்கு மேல் அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. பிரகாசனிடம்தான் பேசினார்.

"படத்துல அவ என்னவா வருவா?"

"மூட்டத்துல வர்ற..." பிரகாசன் இழுத்தான்.

"பேயாத்தான?"

அவன் சட்டைப்பையில் சிகரெட்டைத் தேடினான்.

"எந் தங்கச்சி பேயில்லங்க. அவளப் பேயின்னு நான் நெனச்சதுனாலதான் செத்தா. நீங்களும் அப்படியே நெனச்சா எப்படி?" கொஞ்சம் நிறுத்தினார். "என்னைய நடக்கச் சொன்னீக, நடந்தேன். இன்னும் எத்தன நாளு வேணாலும் நடக்கேன். அவள இதுல கொண்டாராதீக."

பிரகாசன் வேறு மாதிரி சொல்லிப் பார்த்தான். கொடுமையான பேயாக இருக்காது, பாவப்பட்ட பேயாகத்தான் இருக்கும் என்றான். அதைச் சொல்லும்போது அவனுக்கே அது சரியாகப் படவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. முத்துப்பேச்சி கத்தியை எடுத்துக் கிழங்கை நறுக்கத் தொடங்கிவிட்டார்.

வெளியே வந்ததும் அவன் என் கையைப் பிடித்தான். "கதை வேண்டாம். விட்டுரலாம். அந்த ஒரு 'அக்கா' மட்டும் குடு. யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாது. அந்த ஒரு சத்தம் போதும்டா, படத்தத் தூக்கி நிறுத்திரும்."

"அவங்களுக்குத் தெரியும்," என்றேன்.

"அவங்க எங்கடா படம் பாக்கப் போறாங்க?"

நான் என்னைத் தைரியசாலி என்றோ நீதிமான் என்றோ சொல்லிக்கொள்ளவில்லை. அந்தக் குரலை எடிட்டிங்கில் நூறு தடவை கேட்க வேண்டிவரும், ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும், இழுக்க வேண்டும். அது என்னால் ஆகாது. பாதி பயம்தான். ரிக்கார்டரை எடுத்தேன். அழிக்கவா என்று அது ஒரு முறை கேட்டது. அழுத்தினேன். உறுதியாகவா என்று மறுபடி கேட்டது. அழுத்தினேன். பிரகாசன் தடுக்கவில்லை. நான் செய்வேன் என்று நினைத்திருக்க மாட்டான். செய்து முடித்ததும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "நான் வேலைய எழுதிக் குடுத்துட்டு வந்தேன்டா," என்றான். கத்திச் சொல்லவில்லை. நான் ரிக்கார்டரைப் பைக்குள் வைத்தேன்.

மிச்சமிருந்த நாட்களில் அவன் என்னிடம் நேராகப் பேசவில்லை. இரண்டடி தள்ளி நிற்கும் என்னைப் பற்றி, "சவுண்டு ரெடியான்னு கேளு" என்று கேமராமேனிடம் சொல்வான். கேமராமேன் என்னைக் கேட்பார். நான் ரெடி என்று கேமராமேனிடம் சொல்வேன். பேய்ப்படத்தில் அதுதான் மிகவும் பேய்த்தனமான பகுதி.

முத்துப்பேச்சியிடம் போய் அழித்துவிட்டேன் என்று சொன்னேன். "சரி" என்றார். பிறகு யோசித்து, "யாருட்டயும் சொல்லக் கூடாதுன்னு இல்ல தம்பி. சொல்லுங்க. பேயாக்காமச் சொல்லுங்க, அவ்வளவுதான்," என்றார். அந்த அனுமதியின் பேரில்தான் உங்களிடம் சொல்கிறேன்.

படம் வெளிவந்தது. சித்தூரில் ஒரு வாரம் ஓடியது. பத்திரிகைகளில் எழுதினார்கள். மலையாளத்தில் ஒருவர் எழுதியதன் சாரம், அந்தரீக்ஷம் கொள்ளாம், கதயில்ல. சூழல் நன்று, கதை கிடையாது. மற்றவர்கள் அதையே நீட்டி எழுதினார்கள். சத்தத்தைச் சிலர் பாராட்டியிருந்தார்கள். வெட்டி எடுத்து வைத்திருந்தேன், கரையான் தின்றுவிட்டது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். இடைவேளையில் என் பக்கம் சாய்ந்து, "ஏங்கண்ணு, அந்தப் பொம்பள ஊடு போய்ச் சேருவாளா மாட்டாளா?" என்றாள். தெரியலீங்கம்மா என்றேன். "எடுத்தவிகளுக்கே தெரியலீன்னா நாம எங்க போய்க் கேக்கறது?" என்று சொல்லிவிட்டுக் கடலை வாங்கக் காசு கேட்டாள்.

பிரகாசன் சொன்னது தப்பு. முத்துப்பேச்சி படம் பார்த்தார். லயத்துப் பெண்கள் ஒரு ஜீப் பிடித்து நெடுங்கண்டத்துக்குப் போயிருக்கிறார்கள். மறுநாள் யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டார்.

"தம்பி, நல்லா நடந்திருக்கேன்ல?"

"ரொம்ப நல்லா நடந்திருக்கீங்கம்மா. பார்த்த எல்லாரும் பயந்துட்டாங்க."

"என்னத்தப் பயந்தாகளோ. தண்ணி வருதான்னு பாக்கப் போறவளப் பாத்து." சிரித்தார். பிறகு குரல் இறங்கியது. "கடேசி வரைக்கும் பாத்தேன். அவ வரல. சரி, வச்சிருதேன்."

அதுதான் நான் கடைசியாகக் கேட்ட அவர் குரல்.

பிரகாசனுக்கு அடுத்த படம் அமையவில்லை. இரண்டு மூன்று வருடம் அலைந்துவிட்டு ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்துவிட்டான். நல்ல வாத்தியார் என்று கேள்வி. சில வருடம் கழித்துச் சித்தூரில் ஒரு கல்யாண வீட்டில், நான் மைக் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது வந்து பக்கத்தில் நின்றான். எனக்கு எழுந்திருப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. இரண்டு டீயை வாங்கி வந்து ஒன்றை நீட்டினான்.

"அது இருந்திருந்தா படம் ஓடியிருக்கும்," என்றான்.

"ஓடியிருக்கும்," என்றேன்.

"ஆமா."

டீயைக் குடித்தோம். அவன் மகள் எட்டாவது படிக்கிறாளாம், பாட்டில் ஆர்வமாம், மைக்கில் எப்படிப் பாடுவது என்று ஒரு நாள் வந்து சொல்லிக் கொடு என்றான். போய்ச் சொல்லிக் கொடுத்தேன். இன்றைக்கும் பார்த்தால் பேசிக்கொள்கிறோம். அந்தப் பேச்சை மட்டும் மறுபடி எடுத்ததில்லை. நான் செய்தது அவன் வாழ்க்கைக்கு நல்லதா கெட்டதா என்று கூட்டிக் கழித்துப் பார்த்திருக்கிறேன். கணக்கு வாத்தியார் அவன்தான், எனக்கு விடை வரவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நெடுங்கண்டத்தில் ஒரு கல்யாணத்துக்கு மைக் போடப் போனேன். திரும்பும் வழியில் வண்டியை உடும்பஞ்சோலைக்குத் திருப்பச் சொன்னேன். தகரக் கூரை இல்லை. பாசிச் சுவர் இல்லை. கண்ணாடி வைத்த மூன்று மாடி ரிசார்ட். வாசலில் ஒரு குடும்பத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்த இளைஞர், "இங்கதான் சார் அந்த ஹாரர் படம் எடுத்தாங்க" என்று ஆரம்பித்தார். நானும் கூட நின்றேன்.

"இப்பவும் மிஸ்ட் எறங்குனா ஒரு பொண்ணு வரும். அக்கா, அக்கான்னு ரெண்டு தடவ கூப்பிடும். திரும்பிட்டீங்க, அவ்வளவுதான்."

குடும்பம் சிரித்துக்கொண்டே பயந்தது. படத்தில் அந்தக் கூப்பாடு கிடையாது. நான்தானே அழித்தேன். அவர் தனியானதும் போய், இதை யார் சொன்னார்கள் என்று கேட்டேன்.

"இங்க எல்லாரும் சொல்றதுதான் சார். பழைய லயத்து ஆளுங்க சொன்னதா இருக்கும்."

நான் அவரிடம் சொன்னேன். அது பேயில்லை, பதினேழு வயதுப் பெண், கால் ஒடிந்து கிடந்தாள், பயந்துபோய் யாரும் போகவில்லை, அதனால் செத்தாள் என்று. பொறுமையாகக் கேட்டார். நல்ல பிள்ளை. கேட்டு முடித்துவிட்டு, "அப்படிச் சொன்னா கெஸ்ட்டுக்கு ஒரு மாதிரி ஆயிரும் சார். லீவுக்கு வர்றவங்க பாருங்க," என்றார்.

லயம் இருந்த இடத்தில் நீச்சல்குளத்துக்கு மோட்டார் அறை கட்டியிருந்தார்கள். பாதையோரக் கானை மூடி மேலே சிமெண்ட் பலகை போட்டுப் பூந்தொட்டி வைத்திருந்தது. பழைய ஆட்கள் பாதிப் பேர் போடிக்கும் கம்பத்துக்கும் இறங்கிவிட்டார்கள். காய் எடுக்க இப்போது வடக்கிலிருந்து வந்த ஆட்கள். முத்துப்பேச்சியை மகன் திருப்பூர் பக்கம் கூட்டிப் போய்விட்டதாக டீக்கடையில் சொன்னார்கள், எந்த இடம் என்று தெரியாது என்றார்கள். அன்று போன் வந்த எண்ணைப் போட்டுப் பார்த்தேன். அப்படியோர் எண் உபயோகத்தில் இல்லை.

கிளம்பும்முன் ரிசார்ட்டுக்குள் போனேன். வரவேற்பு மேசையில் ஒரு பெண் இருந்தாள். இங்கே முன்னால் இருந்தவர்களைத் தெரிந்த யாராவது வேலை செய்கிறார்களா, மாரிக்கனி என்று ஒரு பெண், முத்துப்பேச்சியின் தங்கச்சி, அவளைத் தெரிந்தவர்கள் யாராவது உண்டா என்று கேட்டேன். அவள் மரியாதையாக என்னை உட்காரச் சொல்லிவிட்டு, கம்ப்யூட்டரில் அந்தப் பெயரை அடித்துத் தேடினாள். எழுத்தை மாற்றி இன்னொரு முறையும் தேடினாள்.

"சாரி சார்," என்றாள். "அந்தப் பேர்ல இங்க யாரும் தங்குனதே இல்ல."